உளவியல் கட்டுரை விடையில் புள்ளி எங்கே போகிறது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

கண்டி, ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து லண்டன் ஏ/எல் உளவியல் எடுக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பாடம் தெரியாமல் புள்ளி போவது குறைவு. தெரிந்ததைப் புள்ளி விழும் இடத்தில் வைக்காததால் போவதே அதிகம். அந்தக் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருபவை. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணமோ காலமோ கேட்கும் காரணம் கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: திருத்தி வந்த விடைத்தாள் ஒன்று, அந்த வினாவுக்கான புள்ளித் திட்டம், இரண்டு நிறப் பேனை, மணிக்கூடு. கடந்தகால வினாத்தாள்களும் புள்ளித் திட்டங்களும் கேம்பிரிஜ், எடெக்செல் என்ற பரீட்சைச் சபைகளின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். சிக்னல் நல்லாக உள்ள இடத்துக்குப் போகும்போது மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிஜ் எடுப்பவர்கள் ஆண்டைக் கவனிக்க வேண்டும்: 2024 பரீட்சையிலிருந்து மூல ஆய்வுகளின் (கட்டாயம் படிக்க வேண்டிய ஆய்வுகளின்) பட்டியல் மாறிவிட்டது. கான்லி, லேனி, பெப்பர்பர்க், யமமோட்டோ ஆய்வுகள் 2023 வரையான தாள்களில்தான். அவற்றைப் பாடமாக்கி ஒரு தவணையை வீணாக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாதிரி வாக்கியங்கள் இங்கே தமிழில் உள்ளன. விடையை ஆங்கிலத்தில் எழுதும்போதும் அமைப்பு இதுவே.

அறிகுறி 1: பக்கம் நிரம்புகிறது, புள்ளி பாதியில் நிற்கிறது

மிக அதிகம் வருவது இதுதான். நான்கு காரணங்கள் உண்டு. வரிசை மாற்றாமல் பாருங்கள்.

*வினாவின் ஏவல் சொல்லைத் தவறவிட்டது.* விடையைக் கையால் மூடிவிட்டு வினாவை மட்டும் வாசியுங்கள். விவரி, விளக்கு, ஒப்பிடு, மதிப்பிடு, எந்தளவுக்கு: எது கேட்கப்பட்டது? பிறகு விடையின் முதல் மூன்று வரிகளை வாசியுங்கள். "ஒப்பிடு" என்ற வினாவுக்கு முதலில் ஓர் ஆய்வு முழுவதும், பிறகு மற்ற ஆய்வு முழுவதும் எழுதியிருந்தால் அது இரண்டு விவரணம், ஒப்பீடு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு ஆய்வும் இருக்க வேண்டும். திருத்தச் செலவு: வினாவில் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போடும் இரண்டு விநாடி.

*விவரணம் மிஞ்சியது.* ஒரு நிறத்தால் "என்ன நடந்தது" வாக்கியங்களையும் மற்ற நிறத்தால் "அதனால் ஆய்வு எவ்வளவு நல்லது" வாக்கியங்களையும் அடிக்கோடிடுங்கள். கேம்பிரிஜ் முதலாம் தாளின் 10 புள்ளி மதிப்பீட்டு வினா இரண்டு பலமும் இரண்டு பலவீனமும் கேட்கும். அதற்கு, கீழ்ப்படிதலை ஆராய்ந்த மில்கிராமின் மின்னதிர்ச்சிப் பெட்டியில் 30 ஆளிகள் இருந்ததையும், 15 வோல்ற்றில் தொடங்கி 450 வரை போனதையும் முக்கால் பக்கம் சொன்னால், சொன்னது அத்தனையும் சரி, புள்ளி கிடையாது. எடெக்செல்லின் நீளக் கட்டுரைகளில் அறிவுக்கும் மதிப்பீட்டுக்கும் இரண்டுக்கும் இடமுண்டு. எந்த வினாவுக்கு எது எவ்வளவு என்று புள்ளித் திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பழக்கத்தை வைத்து அல்ல.

*மதிப்பீடு அந்தரத்தில் நிற்கிறது.* இங்கேதான் அதிகப் புள்ளி சிதறுகிறது. சோதிப்பது சுலபம்: மதிப்பீட்டு வாக்கியத்தில் உள்ள ஆய்வாளர் பெயரை விரலால் மறைத்து, வேறொரு பெயரை வைத்துப் பாருங்கள். "மாதிரி சிறியது, ஆகவே பொதுமைப்படுத்த முடியாது." இதை மில்கிராமுக்கும் வைக்கலாம், பண்டுராவுக்கும் வைக்கலாம், அன்ட்ரேடுக்கும் வைக்கலாம். எல்லா ஆய்வுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த ஆய்வுக்கும் புள்ளி வாங்கித் தராது.

திருத்த மூன்று துண்டு தேவை: கூற்று, அந்த ஆய்வுக்கே உரிய விவரம், அதனால் வரும் விளைவு. திருத்திய வடிவம் இப்படி இருக்கும்:

"மில்கிராமின் 1963 ஆய்வின் பலவீனம் அதன் மாதிரி. பங்குபற்றிய 40 பேரும் 20 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆண்கள். நியூ ஹேவன் சுற்றுவட்டாரத்தில் பத்திரிகை விளம்பரத்துக்கும் கடிதத்துக்கும் பதில் தந்து தாமாக வந்தவர்கள். ஆகவே 26 பேர் 450 வோல்ற் வரை கீழ்ப்படிந்தார்கள் என்ற முடிவைப் பெண்களுக்கோ வேறு பண்பாட்டினருக்கோ அப்படியே நீட்ட முடியாது."

மூன்றாவது துண்டைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். விவரம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின்னால் ஆய்வின் முடிவு ஒன்று வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வாக்கியம் பாதி.

ஒரே விவரம் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிலியாவின் குழுவினரின் 1969 ஆய்வு நியூயோர்க் சுரங்க ரயிலில் நடந்தது. ஒருவர் பெட்டிக்குள் விழுவார், யார் உதவுகிறார்கள் என்று பதிவார்கள். ஆய்வு நடப்பது பயணிகளுக்குத் தெரியாது. பலமாக எழுதினால்: தெரியாததால் நடிப்பில்லாத நடத்தை வந்தது, கைத்தடியோடு விழுந்தவருக்கு 65 தடவையில் 62 தடவை உதவி கிடைத்தது என்ற முடிவை நம்பலாம். பலவீனமாக எழுதினால்: தெரியாததால் சம்மதம் தர வழியில்லை; இறங்கிப் போனவர்களுக்கு நடந்ததை விளக்கிச் சொல்லவும் முடியவில்லை. ஆய்வுக்கு இப்படி இரண்டு விவரம் நன்றாகத் தெரிந்தால் நான்கு மதிப்பீடு கையில் இருக்கும். இருபது விவரம் மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

கேம்பிரிஜ் வினா ஒரு குறிப்பிட்ட விடயத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும். உதாரணமாக ஒழுக்க நெறி அல்லது பொதுமைப்படுத்தல். நான்கு மதிப்பீட்டில் ஒன்றாவது அதைப் பற்றி இருக்க வேண்டும். மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் மேல் மட்டம் கிடைக்காது. முதல் பந்தியிலேயே அதை எழுதி முடித்துவிடுவது பாதுகாப்பு.

*முடிவு இல்லை, அல்லது முடிவு போல ஒன்று இருக்கிறது.* எடெக்செல்லில் "மதிப்பிடு", "எந்தளவுக்கு" என்ற வினாக்கள் தீர்ப்புக் கேட்பவை. "ஆகவே இக்கோட்பாட்டில் பலமும் பலவீனமும் உண்டு" என்பது தீர்ப்பில்லை. அற்கின்சன், ஷிஃப்ரின் 1968இல் தந்த நினைவக மாதிரியை (குறுங்கால நினைவும் நீண்டகால நினைவும் வேறு வேறு களஞ்சியங்கள் என்ற கோட்பாட்டை) எடுத்தால், இரண்டு நோயாளர்களை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம். எச்.எம். என்பவருக்கு 1953 சத்திரசிகிச்சைக்குப் பின் குறுங்கால நினைவு வேலை செய்தது, புதிய நீண்டகால நினைவு உருவாகவில்லை. ஆகவே களஞ்சியங்கள் வேறு வேறு என்ற பகுதி நிற்கிறது. கே.எஃப். என்பவருக்குக் குறுங்கால நினைவு காதால் கேட்டதற்கு மோசமாகவும் கண்ணால் பார்த்ததற்கு அதைவிட நன்றாகவும் இருந்தது. ஆகவே குறுங்கால நினைவு ஒரே துண்டு என்ற பகுதி விழுகிறது. எந்தப் பகுதி நிற்கிறது, எந்தப் பகுதி விழுகிறது என்று பிரித்துச் சொல்வதே தீர்ப்பு.

*எப்போது ஆசிரியரிடம் போவது:* இந்த நான்கையும் பார்த்து விடையை இரண்டு முறை திருப்பி எழுதியும் புள்ளித் திட்டத்தின் அதே மட்டத்திலேயே நின்றால். போகும்போது பழைய விடை, புதிய விடை இரண்டையும் கொண்டுபோங்கள். "எப்படி எழுதுறது மிஸ்?" என்று வெறுங்கையோடு கேட்டால் பொதுவான புத்திமதிதான் கிடைக்கும்.

அறிகுறி 2: "நம்பகம்", "தகுதி" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி

இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நம்பகம் என்றால் திரும்பச் செய்தாலும் இன்னொருவர் பார்த்தாலும் அதே பதிவு வருமா என்பது. தகுதி என்றால் அளக்க வந்ததைத்தான் அளந்ததா என்பது.

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதைப் போலச் செய்கிறார்களா என்று பார்த்த பண்டுராவின் 1961 ஆய்வை வைத்துப் பழகுங்கள். 72 பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளையையும் 20 நிமிடம் பார்த்து 5 விநாடிக்கு ஒரு தடவை பதிந்தார்கள், பாதிப் பிள்ளைகளை இரண்டாவது அவதானிப்பாளர் ஒருவரும் தனியாகப் பதிந்தார், இரண்டு பதிவும் நெருங்கி வந்தன. இது நம்பகம். போபோ பொம்மை அடித்து விளையாடவே செய்தது. அதை அடிப்பது ஆக்ரோசமா, விளையாட்டா? இது தகுதி. "ஆய்வுகூடத்தில் நடந்ததால் நம்பகம் குறைவு" என்று எழுதியிருந்தால் முழுவதும் வெட்டுங்கள். கட்டுப்பாடு கூடினால் நம்பகம் பொதுவாகக் கூடும். கேள்வி வருவது நிஜவாழ்வுக்கு எவ்வளவு ஒத்தது என்பதில்.

அறிகுறி 3: சூழ்நிலை தந்து கேட்கும் வினாவில் மட்டும் புள்ளி விழுவதில்லை

முதல் காரணம் அற்பமானது: வினாவில் உள்ள ஆளின் பெயர் விடையில் இல்லை. வினா செல்வியைப் பற்றி என்றால் ஒவ்வொரு பந்தியிலும் செல்வி வர வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம்: பெயர் இருக்கிறது, ஆனால் ஒட்டு மட்டும்தான். "செல்விக்கு நேர் வலுவூட்டல் கிடைக்கிறது" என்பதில் செல்விக்கு என்ன கிடைக்கிறது என்று இல்லை.

மூன்றாவது காரணம் கருத்துக் குழப்பம். செயல்சார் நிபந்தனைப்படுத்தலில் (பின்னால் வரும் விளைவால் நடத்தை கூடுவது அல்லது குறைவது) இது கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் தெரியும்: எதிர் வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது. தோட்டத்தில் நடப்பதை வைத்தே நேராக்கிக்கொள்ளலாம்.

செல்வி கொழுந்து பறிக்கிறாள். நாளாந்த அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்கு மேலதிகக் காசு வருகிறது, அதனால் அடுத்த நாளும் வேகமாகப் பறிக்கிறாள்: நேர் வலுவூட்டல். குறிப்பிட்ட அளவு வேலைக்கு ஒரு தடவை வெகுமதி என்பதால் வலுவூட்டல் அட்டவணை (வெகுமதி வரும் ஒழுங்கு) நிலையான விகிதம். கங்காணி பின்னால் நின்று ஏசிக்கொண்டே இருக்கிறார், கை வேகமானதும் ஏச்சு நிற்கிறது, அதனால் வேகம் கூடுகிறது: எதிர் வலுவூட்டல், பிடிக்காத ஒன்று விலகி நடத்தை கூடியது. அளவு குறைந்த நாளில் அரைப்பேர் (பாதிச் சம்பளம்) போடுகிறார்கள், அதனால் பேச்சுக்கொடுத்துக்கொண்டு மெதுவாகப் பறிப்பது குறைகிறது: விருப்பமான ஒன்றை எடுத்து நடத்தையைக் குறைத்த தண்டனை.

கேட்க வேண்டியவை இரண்டே கேள்வி. நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. ஏதாவது வந்து சேர்ந்ததா, விலகியதா? சேர்ந்தால் நேர், விலகினால் எதிர். இந்த வரிசையிலேயே கேளுங்கள். திருப்பிக் கேட்டால் "எதிர்" என்ற சொல்லே தண்டனைப் பக்கம் இழுத்துவிடும்.

ஊர் உதாரணத்தை விடைத்தாளில் எழுதலாமா என்றால், எழுதலாம், இரண்டு நிபந்தனையோடு. பரீட்சகருக்கு அரைப்பேர் என்றால் தெரியாது. "அன்றைக்குப் பாதிச் சம்பளம்" என்று ஒரு தொடரில் சொல்லிவிடுங்கள். அடுத்தது, உதாரணம் ஆய்வின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. "எங்கள் தோட்டத்தில் துரை சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்" என்பது கீழ்ப்படிதலுக்குச் சான்று ஆகாது. மில்கிராமின் முடிவைச் சொல்லிவிட்டு, அது எங்கே பொருந்துகிறது என்று காட்ட ஒரு வரி. அவ்வளவே.

அறிகுறி 4: கடைசி வினா வெறுமை

மொத்த நிமிடத்தை மொத்தப் புள்ளியால் வகுங்கள். கேம்பிரிஜ் முதலாம் தாள் 90 நிமிடம், 60 புள்ளி. புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். 10 புள்ளி வினாவுக்கு 15 நிமிடம்: 2 நிமிடம் குறிப்பு, 11 நிமிடம் எழுத்து, 2 நிமிடம் வாசிப்பு. நான்கு மதிப்பீடு என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு; கையெழுத்தைப் பொறுத்து நான்கைந்து வரி.

பிறகு எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 2, 4 புள்ளிச் சின்ன வினாக்களுக்கு அரைப் பக்கம் எழுதியிருப்பீர்கள். அப்படியானால் நீள வினாவை முதலில் எழுதிப் பாருங்கள். வரிசைப்படி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இலக்கம் சரியாக இருந்தால் போதும். முன்னுரையை முற்றாக விடுங்கள். "உளவியல் என்பது மனித மனத்தையும் நடத்தையையும் பற்றிய..." என்று தொடங்கும் ஐந்து வரிக்கு எந்தப் புள்ளித் திட்டத்திலும் இடமில்லை.

மணிக்கூடு வைத்து எழுதியும் கை ஓடவில்லை, வலிக்கிறது, கரும்பலகையில் உள்ளதும் மங்கல் என்றால் அது வேறு விடயம். முதலில் கண் பரிசோதனை. அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டலாம். வாசிப்பிலோ எழுத்திலோ சிறுவயது முதலே இடர்ப்பாடு இருந்தால் மேலதிக நேரம் போன்ற விசேட ஏற்பாடுகளுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்குத் தகுதியானவரின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பணமும் மாதங்களும் பிடிக்கும். பரீட்சைக்குப் பதியும் நிலையத்தில் பதிவின்போதே கேளுங்கள். அனுமதி அட்டை வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அறிகுறி 5: எண்களும் முடிவுகளும் குழம்புகின்றன

ஓர் ஆய்வுக்கு ஒரு சின்ன அட்டை. அதில் ஐந்து விடயம் மட்டும்: யார், எங்கே, எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், முக்கிய முடிவு ஒரு எண்ணோடு. லொஃப்டஸ், பாமர் 1974 என்றால்: முதல் பரிசோதனையில் 45 மாணவர்கள், விபத்துப் படம், வினாவில் உள்ள வினைச்சொல் மாறியது, வேக மதிப்பீடு அளக்கப்பட்டது, "நொறுங்கின" என்ற சொல்லுக்கு மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டன" என்ற சொல்லுக்கு 31.8. இரண்டாவது பரிசோதனையின் 150 பேரையும் "உடைந்த கண்ணாடி கண்டீர்களா" என்ற வினாவையும் இன்னோர் அட்டையில் எழுதுங்கள். ஒரே அட்டையில் எழுதினால் கலந்துவிடும்.

விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழைகள் சில. மில்கிராமில் 65 பேர் என்று எழுதுவது: 65 நூற்றுவீதம், ஆட்கள் 26. எல்லோரும் 450 வரை போனார்கள் என்பது: எல்லோரும் போனது 300 வரை. பிலியாவினில் "ஆட்கள் கூடியதால் உதவி குறைந்தது" என்பது: அந்த ஆய்வில் அப்படி வரவேயில்லை, ஆய்வின் சுவாரசியமே அதுதான். மதுபோதையில் இருப்பவராக விழுந்தவருக்கு உதவியே இல்லை என்பது: 38 தடவையில் 19 தடவை கிடைத்தது.

எண் மறந்துபோனால் தவறான எண்ணை எழுதுவதைவிட "பாதிக்கு மேற்பட்டோர்" என்று எழுதுங்கள்.

அறிகுறி 6: தமிழில் கேட்டால் சரியாகச் சொல்கிறார், ஆங்கிலத்தில் எழுதினால் வரவில்லை

முதலில் வாக்கிய நீளம். பாடக் கொப்பியின் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து நாலு வரி வாக்கியம் எழுதப் போய் நடுவில் அறுந்துவிடும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து. இலக்கணப் பிழைக்காகப் புள்ளி வெட்டுவதில்லை. கருத்துப் புரியாவிட்டால் தரமுடியாது, அதுதான் ஆபத்து.

அடுத்து கலைச்சொல். முப்பது நாற்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எழுத்துப் பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள், மற்ற ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். "ஆகவே", "ஏனெனில்", "இதற்கு மாறாக" என்பவற்றுக்கான நான்கைந்து இணைப்புச் சொற்கள் கையில் இருந்தால் அறிகுறி 1இல் சொன்ன மூன்று துண்டும் தானாக ஒட்டும். திட்டத்தைத் தமிழில் குறித்துக்கொள்வதில் தவறில்லை; கடைசியில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

இரண்டு மாதம் இப்படி எழுதியும் வாக்கியம் புரியவில்லை என்று ஆசிரியர் சொன்னால் உளவியல் டியூஷனுக்குக் காசு கட்ட வேண்டாம். ஆங்கில ஆசிரியரிடம் போங்கள், கோளாறு அங்கேதான்.

அறிகுறி 7: வீட்டில் நன்றாக எழுதுகிறார், மண்டபத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது

வீட்டில் எப்படி எழுதினார் என்று முதலில் பாருங்கள். கொப்பி பக்கத்தில் திறந்திருந்ததா? இடையில் தேத்தண்ணி குடிக்க எழுந்தாரா? அப்படியானால் மறதி என்று சொல்ல முடியாது. மூடிய கொப்பியோடு இதுவரை எழுதியதே இல்லை. வாரத்துக்கு ஒரு தாள், மணிக்கூடு வைத்து, ஒரே இருக்கையில்.

பிறகு பயணம். மே–ஜூன் பரீட்சைக் காலம் தென்மேல் பருவ மழையோடு சேர்ந்து வரும். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடிய மூன்று மணிக்கு எழும்பி, வளைவுப் பாதையில் வாந்தியெடுத்து வந்து எழுதும் விடையில் எந்த முறையும் எடுபடாது. முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது மலிவான திருத்தம்.

வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடத்தால் வினாத்தாளின் ஓரத்தில் நினைவுக்கு வரும் ஆய்வுப் பெயர்களை மட்டும் எழுதுங்கள். அதில் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

படபடப்பு பரீட்சையோடு நிற்காமல் வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு என்றால் விடை எழுதும் முறையை ஒதுக்கி வையுங்கள். பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, அல்லது தேசிய உளநல உதவி இலக்கம் 1926. உளவியல் படிக்கும் பிள்ளை தனக்குத் தானே நோய்ப் பெயர் வைத்துக்கொண்டு இருந்துவிடுவதும் உண்டு. வீட்டார் கவனிக்க வேண்டும்.

முடிவு வந்த பின்: எதிர்பார்த்ததைவிடக் குறைவு

இருப்பதில் செலவு கூடியது இது. உடனே மீள்திருத்தத்துக்குக் காசு கட்டாமல், தாள் தாளாக வந்த புள்ளிகளைப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் கோளாறு அநேகமாக விடையில்தான். ஒரு தாள் மட்டும் தனியாக விழுந்திருந்து, அடுத்த தரத்துக்கு ஓரிரு புள்ளியே தேவை என்றால் கேட்பதில் நியாயம் உண்டு. மீள்திருத்தத்தில் புள்ளி குறையவும் கூடும். திருத்திய விடைத்தாளின் பிரதியைப் பெறும் வசதி இருந்தால் முதலில் அதை எடுத்து, ஆசிரியரோடு இருந்து புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். விண்ணப்பம் எழுதிய நிலையத்தின் ஊடாகவே போக வேண்டும், கடைசித் திகதிக்குப் பின் ஏற்கமாட்டார்கள்; முடிவு வந்த அன்றே நிலையத்துக்குக் கோல் எடுத்துத் திகதியையும் கட்டணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.